தொட்ட இடம்

"அப்பவே அணைச்சுட்டனுங்" என்றார் அர்த்தநாரி.
அவருடைய அப்பவே
ஒரு பீடி பற்றவைக்கும் நேரம்தான் என்பது
பல்பைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது.
கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்.
சத்தம் முதலில் வந்தது,
வலி யோசித்து வந்தது.

இருபத்திநாலு வோல்ட், எழுபத்தஞ்சு வாட்.
சுண்டுவிரல் அளவுகூட இல்லாத கண்ணாடி.

சங்ககிரி பைபாஸில் பதினாறு வருஷம் கடை.
விளக்குகளைக் கண்ணால் பார்த்ததைவிடக்
கையால் பார்த்ததுதான் அதிகம்.
டியூப்லைட்டில் கன்னம் வைத்துத் தூங்கலாம்,
இரண்டு முனைக் கறுப்பு மட்டும் ஆகாது.
சாமி படத்துச் சீரோ வாட் பல்பு
கன்றுக்குட்டிக் காது மாதிரி,
பிடித்தால் விட மனசு வராது.
பழைய குண்டு பல்பு
வாய்க்கு வந்தபடி திட்டும், ஆனால் விட்டுவிடும்.
நாமக்கல் பக்கம் குஞ்சுக் கொட்டகையில்
தகரத்தொப்பி போட்டுத் தொங்குமே,
அது பெட்டைக்கோழியின் வேலையைச்
சம்பளமில்லாமல் பார்க்கிறது.
எல்இடி வேறு ரகம்.
முன்னால் வெள்ளையாய்ச் சிரிக்கும்,
சுடுவதெல்லாம் முதுகில்.

ஹாலஜனுக்கு ஒளிக்கத் தெரியாது.
வாங்குகிற கரண்டில் முக்கால்வாசிக்கு மேல்
தானே கொதித்துத் தீர்த்துவிட்டு
மிச்சத்தைத்தான் ரோட்டுக்கு அனுப்பும்.

பள்ளிபாளையத்துச் சாயப்பட்டறையில்
பாய்லர் பார்க்கும் மச்சினன்
துப்பாக்கி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தான்,
தொடாமலே சூடு சொல்லும் என்று.
டியூப்லைட் நாற்பது.
குண்டு பல்பு நூற்றுச் சொச்சம்.
எல்இடி முகத்தில் ஒன்று, முதுகில் ஒன்று.
ஹாலஜனுக்கு நீட்டினான்.
முந்நூற்று எண்பது வரை எண்ணிவிட்டுத்
திரையில் கோடு மட்டும் நின்றது.
"இதுக்கு மேல இதுக்குத் தெரியாதுங் மாமா."
கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டேன்.
எனக்குத் தெரியும்.

கட்டுப் பிரித்த வாரம் ரேஷன் கடை.
இந்துராணி மெசினை நீட்டினாள்.
கட்டைவிரல் வைத்தேன். சிவப்பு.
"தொடச்சுட்டு வைங்கண்ணா."
சுட்டுவிரல். சிவப்பு.
நடுவிரல் நெய்த்துணி மாதிரி வழவழப்பாயிருந்தது,
அதற்கு மெசின் சிவப்புகூடக் காட்டவில்லை.
பின்னால் வரிசை முனகியது.
கடைசியில் இடதுகை மோதிரவிரல் போய்
நான்தான் நான் என்று சொல்லி
பன்னிரண்டு கிலோ அரிசி வாங்கிவந்தது.

போன புதன்கிழமை அர்த்தநாரி வந்தார்.
"தொப்பூர் இறக்கத்துல ஒத்தக்கண்ணோட வந்தனுங்.
இது அந்தப்பக்கத்து பல்பு,
ஆடி நோம்பிக்கு முந்தி நீங்க போட்டது."

புதுப் பல்பை வெறுங்கையால் தொடக்கூடாது.
அட்டையிலேயே படம் போட்டிருக்கும்.
விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும்
அதிகமாய்ச் சுட்டுச் சுட்டு
ஒருநாள் பல்பையே தின்றுவிடும்.
அன்றைக்கு மழை, அவசரம், துணி எங்கேயோ.

வெயிலில் தூக்கிப் பார்த்தேன்.
கண்ணாடி ஓரிடத்தில் வீங்கி,
வீக்கத்தின்மேல் பால் சிந்தியது போல் வெள்ளை.
அந்த வெள்ளைக்குள்
மேட்டாங்காட்டில் ஓட்டிய சால் மாதிரி
சுற்றிச் சுற்றிக் கோடுகள்.

என் கட்டைவிரல்.
இப்போது என்னிடம் இல்லாதது.

புதுசைத் துணியில் பிடித்து மாட்டிக்கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை, காரணமும் சொல்லவில்லை.
அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போனார்.

உடைந்தது காகிதம் சுற்றி டிராயரில் இருக்கிறது,
பியூஸ்களுக்குப் பக்கத்தில்.
ஒன்றாந்தேதி எடுத்துக்கொண்டு போய்
இந்துராணியின் மெசினில் வைத்துப் பார்க்கலாமா
என்றுகூடத் தோன்றுகிறது.
"அப்பவே ஆறிப்போச்சும்மா, புடி" என்பேன்.
அவள் என் கையைப் பார்ப்பாள்,
பிறகு பல்பைப் பார்ப்பாள்.